எட்டு மாதம் திறந்தவெளி யார்டில் ரிக் சாமான்கள்: மழைக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பட்டினம்_யார்டு (ஆகஸ்ட் 21)

வணக்கம். காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே, திருமலைராயன்பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு யார்டில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இதற்கு முன் சிமென்ட் கிடங்கில் இருந்தேன். மூட்டை அடுக்குவது தெரியும், எண்ணெய்க் கிணற்றுச் சாமான் எனக்குப் புதிது.

கிணறு தோண்டி முடித்த ஒரு ரிக்கின் (துளையிடும் இயந்திரத்தின்) சாமான்கள் போன மாதம் வந்து இறங்கின. 13 5/8 அங்குலம், 10,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) தாங்கும் பி.ஓ.பி. (கிணறு பொங்கினால் வாயை அடைக்கும் பெரிய வால்வு) ஒன்று, அதை இயக்கும் அக்யூமுலேட்டர் யூனிட் (அழுத்தத்தில் எண்ணெயைச் சேர்த்து வைக்கும் பாட்டில்கள்), இரண்டு மட் பம்புகள் (கிணற்றுக்குள் சேற்றுத் திரவத்தைத் தள்ளுபவை), 5 அங்குல டிரில் பைப் (துளையிடும் குழாய்) 220, டிரில் காலர் (அதன் அடியில் எடைக்காக மாட்டும் கனத்த குழாய்) 24, மிச்சமான 9 5/8 அங்குல கேசிங் குழாய் (கிணற்றின் உட்சுவராக இறக்குவது) 90, மோட்டார்கள் மூன்று, ரப்பர் உதிரிபாகங்கள் ஒரு பெட்டி. மார்ச் கடைசிவரை இங்கேயே இருக்கும். பிறகு டிரெய்லரில் சென்னைத் துறைமுகம் போய், கப்பலில் ஓமானின் சோகாருக்குப் போக வேண்டும்.

கடற்கரை 2 கி.மீ. கூட இல்லை. தரை வண்டல் மண். அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ளும். அலுவலகத்தில் கேட்டால், "தார்ப்பாய் போட்டு மூடு, கிடக்கட்டும்" என்கிறார்கள். குழாய்களைப் பழைய தண்டவாளத் துண்டுகள்மேல் அடுக்கியிருக்கிறோம். தூக்குவதற்கு ஒரு ஹைட்ரா கிரேன் மட்டுமே இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முசஃபா_ரிக்கர் (ஆகஸ்ட் 21)

தம்பி, "கிடக்கட்டும்" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. அபுதாபியின் முசஃபாவிலும் பிறகு ஓமானிலுமாக இருபத்தாறு வருடம் இந்தச் சாமான்களோடு இருந்தேன். ரிக்கராக (சுமை கட்டித் தூக்குபவனாக) போனவன் யார்டு ஃபோர்மேனாகத் திரும்பினேன். கிணற்றில் வேலை செய்து கெட்ட பி.ஓ.பி.யைவிட, யார்டில் சும்மா கிடந்து கெட்டவற்றைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எட்டு மாதத்துக்கும் ஓர் ஆளை இதற்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள். தார்ப்பாய் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம்.

முதலில் குழாயைச் சொல்கிறேன். மற்றவை கெட்டால் பணம் போகும். குழாய் உருண்டால் ஆள் போவான்.

உங்கள் 5 அங்குல டிரில் பைப் ஒன்று ஏறத்தாழ 300 கிலோ. கேசிங், 40 அடி நீளமும் அடிக்கு 47 பவுண்டும் என்றால் 850 கிலோ. 8 அங்குல டிரில் காலராக இருந்தால் ஒன்றே 2 டன்னைத் தாண்டும். எல்லாம் உருளை. 2009-இல் எங்கள் யார்டில், வியாழக்கிழமை மாலை, லாரி காத்திருக்கிறது என்ற அவசரத்தில் கேசிங் அடுக்கிக்கொண்டிருந்தோம். வரிசைகளுக்கு நடுவே வைக்கும் கட்டைகளின் இரு முனையிலும் தடுப்புக் கட்டையை ஆணி அடித்து நிறுத்த வேண்டும். தச்சர் கிளம்பிவிட்டார். தடுப்புக் கட்டையைச் சும்மா வைத்துவிட்டு, நாளை அடித்துக்கொள்ளலாம் என்றோம். அதற்குச் சம்மதித்தவன் நான். மேல் வரிசையில் கடைசிக் குழாய் இறங்கி லேசாக இடித்ததும் ஓரத்துக் குழாய் நழுவியது. கீழே ஸ்லிங்கை (தூக்கும் கயிற்றை) கழற்றிக்கொண்டிருந்தவர் இராமநாதபுரத்துப் பையன், இருபத்து மூன்று வயது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்றுவரை வருடம் ஒருமுறையாவது அவனோடு தொலைபேசியில் பேசுகிறேன். ஆணி அடிக்காத அந்தக் கட்டையைப் பற்றி அவன் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.

அதனால் இதை நாளைக்கே செய்யுங்கள். தண்டவாளத் துண்டை எடுத்துவிடுங்கள். குழாய் இரும்பின்மேலும் கான்கிரீட்டின்மேலும் உட்காரக் கூடாது, மரத்தின்மேல் உட்கார வேண்டும். ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வழிகாட்டுதல்படி முதல் வரிசை தரையிலிருந்து 18 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் தண்ணீர் நிற்கும் இடமென்றால் இன்னும் உயர்த்துங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே குறைந்தது மூன்று கட்டைகள், கீழ்க்கட்டைக்கு நேர் மேலே மேல்கட்டை. விலகினால் குழாய் வளையும். கேசிங்கின் எடை அதன் கப்ளிங்கில் (முனையில் உள்ள இணைப்பு வளையத்தில்) இறங்கக் கூடாது. மொத்த உயரம் 10 அடியைத் தாண்டக் கூடாது. நானாக இருந்தால் அந்த மண்ணில் 6 அடியோடு நிறுத்துவேன். அடுக்கை ஒரு பக்கமாக அரை விரற்கடை சாய்த்து வையுங்கள், உள்ளே புகும் தண்ணீர் தானாக வடியும்.

அடுக்கும்போதும் பிரிக்கும்போதும் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒருவரும் நிற்கக் கூடாது. டேக் லைன் கயிறு (சுமையைத் தள்ளி நின்று திருப்பும் கயிறு) இல்லாமல் ஒரு குழாயைக்கூடத் தூக்கவிடாதீர்கள். கையால் பிடித்து நிறுத்தலாம் என்று நினைக்கிற ஆளை அன்றைக்கு வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

மரைகளுக்கு வருகிறேன். த்ரெட் புரொடெக்டர் (மரை மூடி) மாட்டியிருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். 220 குழாய், இரண்டு முனை, 440 மூடிகள். ஒவ்வொன்றையும் கழற்றுங்கள். உள்ளே கிணற்றில் பூசிய பழைய கிரீஸும், சேறும், உப்புத் தண்ணீரும் இருக்கும். கிணற்றில் முடுக்குவதற்குப் பூசும் கிரீஸ் வேறு, கிடங்கில் துருப்பிடிக்காமல் காக்கும் கிரீஸ் வேறு. முன்னதை மாதக்கணக்கில் நம்பினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கிடங்கு கிரீஸைப் பூசி, சுத்தமான மூடியை மாட்டுங்கள். மூன்று பேருக்கு ஒரு வார வேலை. மூடி இல்லாத குழாய்க்குள் கையை விடாதீர்கள். வயல்வெளி யார்டு என்றால் பாம்பு நிச்சயம் உள்ளே இருக்கும்.

பி.ஓ.பி.யைப் பற்றி நிறையச் சொல்லலாம், மிக முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருப்பார்கள். அதை நம்பாமல் பானெட்டை (பக்கக் கதவை) திறக்கச் சொல்லுங்கள். ராம்களை (குறுக்கே வந்து கிணற்றை அடைக்கும் கட்டைகளை) வெளியே எடுத்து, உட்குழியை நல்ல தண்ணீரால் கழுவி, காயவைத்து, துருத் தடுப்பு எண்ணெய் பூச வேண்டும். உள்ளே கிணற்றுச் சேறு தங்கினால் மார்ச்சில் ராமை உருவ முடியாது. ஹைட்ராலிக் துளைகள் அனைத்துக்கும் பிளக் போட வேண்டும். சாக்குத் துணி அடைப்பது பிளக் ஆகாது.

பிளாஞ்சு (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) முகத்தில் ஒரு வட்டப் பள்ளம் இருக்கிறதல்லவா, பி.எக்ஸ். 159 என்ற எஃகு வளையம் உட்காரும் இடம்? அந்த இயந்திரம் முழுவதிலும் விலை மதிக்க முடியாத இடம் அதுதான். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் 10,000 பி.எஸ்.ஐ. அந்தக் கீறல் வழியாக வெளியே வரப் பார்க்கும். கிரீஸ் தடவி, மரப் பலகை மூடி போட்டு, போல்ட் முடுக்குங்கள். முகத்தைத் தரையில் வைத்து நிறுத்தவே கூடாது. பழைய வளையத்தைப் பத்திரப்படுத்த வேண்டாம், அது ஒருமுறைக்குத்தான்.

இனி தார்ப்பாய். தரைவரை இழுத்துச் சுற்றிக் கட்டினால் உள்ளே இட்லிப் பானைதான். பகலில் தரையிலிருந்து எழும் ஈரம் இரவில் இரும்பின்மேல் வேர்த்து நிற்கும். வளைகுடாவில் மழையே இல்லாத ஆகஸ்ட் மாதத்தில் இப்படித் துருப்பிடித்த கருவிகளை எத்தனையோ பார்த்தேன். மேலே கூரைபோல விரித்து, கீழே ஓர் அடி விட்டுக் காற்று போக வழி செய்யுங்கள்.

அக்யூமுலேட்டர். உங்கள் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது, அதன் அழுத்தத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதுதான் எனக்குக் கவலை. எண்ணெயை வடித்துவிட்டோம், அழுத்தம் இல்லை என்று சொல்வார்கள். எண்ணெய்ப் பக்கம் பூஜ்யம் காட்டும். ஆனால் ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் ரப்பர்ப் பைக்குள் நைட்ரஜன் தனியாக நிரப்பியிருக்கும். 3,000 பி.எஸ்.ஐ. யூனிட்டில் வழக்கமாக 1,000 பி.எஸ்.ஐ. அதற்குத் தனி அளவி வேண்டும். பயிற்சி பெற்ற டெக்னீஷியனை அழைத்து ஒவ்வொரு பாட்டிலாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பக்கம் வெல்டிங் வேண்டாம், வால்வில் ஸ்பானர் வைக்கவும் வேண்டாம்.

ரப்பர்ப் பெட்டியை இரும்புக் கண்டெய்னருக்குள் வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். ரப்பருக்கான ஐ.எஸ்.ஓ. வழிகாட்டுதல் 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. நம் ஊர் வெயிலில் கண்டெய்னருக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெயில் மட்டுமல்ல, வெல்டிங் பொறியிலிருந்தும் ஓடும் மோட்டாரிலிருந்தும் எழும் ஓசோனும் ரப்பரில் வெடிப்பு விழவைக்கும். ஏ.சி. போட்ட அலுவலக அறையின் ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள். ஆன்யுலர் ரப்பரை (பி.ஓ.பி.யின் பெரிய வளைய ரப்பரை) கொக்கியில் மாட்டாமல் மட்டமாகப் படுக்க வையுங்கள். அச்சிட்ட தயாரிப்புத் தேதியைக் குறித்து, பழையது முன்னால் இருக்கும்படி அடுக்குங்கள்.

மோட்டாருக்கு உள்ளே ஹீட்டர் இருந்தால் மின்சாரம் கொடுத்து ஓடவிடுங்கள். மாதம் ஒருமுறை தண்டைக் கையால் சுற்றி வேறு நிலையில் நிறுத்துங்கள். சுற்றியவர் பெயரையும் தேதியையும் மோட்டார்மேலேயே ஓர் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். மட் பம்பில் திரவம் ஓடும் பகுதியைக் கழுவி வடிக்க வேண்டும், இல்லையென்றால் லைனர் (பிஸ்டன் ஓடும் உள் உருளை) பிடித்துக்கொள்ளும்.

ஹைட்ராவைப் பற்றி மற்றவர்களும் சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான். அந்த வண்டியின் மூக்கில் சுமையைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு பையன் அதைக் கையால் பிடித்தபடி நடந்து வருவான் பாருங்கள், அந்தக் காட்சி உங்கள் யார்டில் இனி ஒருநாளும் நடக்கக் கூடாது. வண்டி திரும்பினால் ஓட்டுநருக்கு அந்தப் பையன் தெரியமாட்டான்.

சங்ககிரி_லோபெட் (ஆகஸ்ட் 22)

அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. சாலைப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன், பதினெட்டு வருடமாக லோபெட் (தாழ்ந்த தள டிரெய்லர்) ஓட்டியும் அனுப்பியும் வருகிறேன்.

காகிதத்தில் இருக்கும் எடையை நம்ப வேண்டாம். 1,600 குதிரைத்திறன் மட் பம்பு 25 டன் என்று போட்டிருப்பார்கள். பிறகு யாராவது அதில் மோட்டாரும் அடிச்சட்டமும் சேர்த்திருப்பார்கள். எடைமேடையில் ஏற்றிச் சீட்டை வாங்குங்கள். ஈர்ப்பு மையம் எங்கே என்று பெயின்டில் குறியுங்கள். பம்பின் ஒரு முனை மற்றதைவிடக் கனமாக இருக்கும், நீளத்தின் நடுவில் தூக்கினால் ஒருபக்கம் சரியும்.

ஸ்லிங் கோணத்தைப் பார்த்துப் பழகுங்கள். 10 டன்னை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்கும்போது, கால் கிடைமட்டத்தோடு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றிலும் 5.8 டன் வரும். 45 டிகிரியில் 7.1. படுத்துப்போய் 30 டிகிரிக்கு வந்தால் ஒவ்வொரு காலிலும் முழு 10 டன். கயிறு சின்னதாகப் போயிற்று என்று இழுத்துப் பிடித்து மாட்டுகிறார்களே, அங்கேதான் அறுகிறது.

25 டன்னை அந்த ஹைட்ராவால் தூக்க நினைக்கவே வேண்டாம், பெரிய கிரேன் வரவழையுங்கள். வண்டல் மண்ணில் அதன் காலுக்கு அடியில் எஃகுத் தகடோ தடித்த மரப் பலகையோ போடுங்கள். மழைக்குப் பிறகு அந்த மண் மேலே காய்ந்து கீழே களியாக இருக்கும். மார்ச் வெயிலில் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

சங்கிலி கட்டும்போது பிரேக்கைத்தான் நினைக்க வேண்டும். 2014-இல் ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட சி.டி.யூ. விதித்தொகுப்பு (வண்டியிலும் கண்டெய்னரிலும் சரக்கு ஏற்றிக் கட்டும் விதிகள்), சாலையில் முன்பக்கம் எடையின் 0.8 பங்கு விசை வரும் என்று கணக்கிடச் சொல்கிறது. 25 டன் பம்பு என்றால் 20 டன் ஓட்டுநரின் முதுகை நோக்கித் தள்ளுகிறது. பக்கவாட்டில் 0.5 பங்கு. நான்கு மூலையிலும் குறுக்காகச் சங்கிலி, முன்னால் தடுப்பு, அடியில் மரமோ ரப்பர் விரிப்போ. கிளம்பிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். அதற்குள் கட்டை அமுங்கிச் சங்கிலி தளர்ந்திருக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வெறும் காரில் சென்னை வரை போய் வாருங்கள். சீர்காழி, கொள்ளிடம் பாலம், சிதம்பரம், கடலூர், எல்லா இடத்திலும் கம்பி உயரம், வளைவு, வேலை நடக்கும் இடம் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு உயரத்தை நாடாவால் அளக்க வேண்டும், கண்ணால் அளப்பது அளவு இல்லை.

இரண்டாம்_மேட் (ஆகஸ்ட் 22)

தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பலில் அதிகாரி, இப்போது விடுமுறையில் வீட்டில் இருக்கிறேன்.

கப்பலில் கட்டுவதற்கான ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) விதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. எனக்கு அதைச் சுவரில் எழுதி வைக்கத் தோன்றும். மரமும் மரமும் உரசினால் உராய்வு 0.4. எஃகும் மரமும், எஃகும் ரப்பரும் 0.3. காய்ந்த எஃகும் எஃகும் 0.1. நனைந்த எஃகும் எஃகும் பூஜ்யம். அதாவது உங்கள் பம்பை ஈரமான இரும்புத் தளத்தில் அப்படியே வைத்தால் பிடிப்பு என்று ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. யார்டில் துருத் தடுப்பு எண்ணெயைத் தாராளமாகப் பூசுவீர்கள், நல்லதுதான். ஆனால் அடிச்சட்டத்தின் அடிப்பக்கத்தை மட்டும் துடைத்து அனுப்புங்கள். எண்ணெய் வழியும் சட்டத்தை நாங்கள் எத்தனை சங்கிலி போட்டாலும் மனம் ஆறாது.

எத்தனை சங்கிலி என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கப்பலின் இடப்பக்கம் கட்டியவற்றின் அனுமதிச் சுமையைக் கூட்டினால் சரக்கின் எடைக்குச் சமமாக வர வேண்டும், வலப்பக்கமும் அப்படியே. 13 மி.மீ. எட்டாம் தரச் சங்கிலி 20 டன்னுக்குக் கொஞ்சம் மேலே அறும். பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், 10 டன். ஆக 25 டன் பம்புக்குப் பக்கத்துக்கு மூன்று. ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் சங்கிலி பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இதற்கெல்லாம் சரக்கில் கட்டுமிடம் இருக்க வேண்டும். பிளாஞ்சு கழுத்திலும் ஹைட்ராலிக் குழாயிலும் சங்கிலி சுற்றும்படி எங்களை விட்டுவிடாதீர்கள். கட்டும் காதுகளை யார்டிலேயே சோதித்து மஞ்சள் பெயின்ட் அடித்து அனுப்புங்கள்.

இன்னும் சில. முட்டுக்கொடுக்கும் கட்டைகளில் வெப்பச் சிகிச்சை முத்திரை இருக்க வேண்டும். மரத்தின் மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்ததற்கான முத்திரை அது. இல்லாத கட்டைக்காக இறங்குதுறையில் சரக்கையே நிறுத்தலாம். கண்டெய்னரில் போகும் உதிரிபாகங்களுக்குச் சரிபார்த்த மொத்த எடை 2016 ஜூலையிலிருந்து கட்டாயம். அக்யூமுலேட்டரில் வாயு இருந்தால் அது ஆபத்தான சரக்கு, ஐ.நா. எண் 3164. அளவெடுக்கும் கருவிகளுக்குள் லித்தியம் பேட்டரி இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் ஏற்றியது தீப்பிடித்தால் நடுக்கடலில் அணைக்க நிற்பவர்கள் நாங்கள் இருபது பேர்தான்.

மார்ச் கடைசி நல்ல காலம். ஜூனுக்குத் தள்ளிப்போடாதீர்கள், தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் வேறு கடல்.

பட்டினம்_யார்டு (ஆகஸ்ட் 30)

மூவருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்து மேலாளரின் மேசையில் வைத்தேன். ஏ.சி. அறையில் ஒரு மூலை கிடைத்துவிட்டது, ரப்பர்ப் பெட்டி உள்ளே வந்துவிட்டது. தண்டவாளத்தை எடுத்துக் கட்டை போட்டு டிரில் பைப் பாதி மாற்றியாயிற்று. தடுப்புக் கட்டைக்கு ஆணி அடிக்கும் வரை தச்சர் வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐயா, அக்யூமுலேட்டரைச் சோதிக்க நேற்று டெக்னீஷியன் வந்தார். வெளிப்பக்க அளவி பூஜ்யம்தான் காட்டியது. பாட்டில்களைத் தனித்தனியே பார்த்தபோது இருபதில் பதினெட்டில் 900-க்கு மேல் இருந்தது. போன வாரம்தான் அதற்குப் பக்கத்தில் கம்பிவேலிக்கு வெல்டிங் வைத்தோம்.

ஒரு சந்தேகம். புயல் வந்தால் என்ன செய்வது? கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது இந்த யார்டில் நிறுத்திய காலிக் கண்டெய்னர் ஒன்று வேலியைத் தாண்டிப் போனதாகக் காவலாளி சொல்கிறார்.

முசஃபா_ரிக்கர் (ஆகஸ்ட் 30)

பதினெட்டு பாட்டில். படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடந்தேன். வேலியோடு போயிற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

காலிக் கண்டெய்னர்தான் முதலில் பறக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைக் கீழே இறக்கி, ஒட்டி நிறுத்தி, ஒன்றோடொன்று பிணையுங்கள். முடிந்தால் கனமான சாமான்களை உள்ளே வைத்து எடை ஏற்றுங்கள். மஞ்சள் எச்சரிக்கை வந்ததுமே தார்ப்பாய்களைக் கழற்றி மடித்துவிடுங்கள், காற்றில் அது பாய்மரம். மரை மூடியும் பிளாஞ்சு மூடியும் சரியாக இருந்தால் இரண்டு நாள் மழையில் நனைவதால் ஒன்றும் ஆகாது. கிரேன் பூமை (நீண்ட கையை) இறக்கிப் படுக்க வையுங்கள். மேல் வரிசைக் குழாய்களைச் சங்கிலியால் அடுக்கோடு கட்டுங்கள். மோட்டார்களைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பதை இப்போதே செய்யுங்கள், தண்ணீர் ஏறிய பிறகு முடியாது. காவலாளியைக் காற்றடிக்கும் இரவில் யார்டில் வைக்காதீர்கள். சாமானைக் காக்க ஆள் இருக்கட்டும் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெள்ளம் வடிந்ததும் முதல் வேலை குழாய் அடுக்குகளின் அடிக்கட்டைகளைச் சுற்றிப் பார்ப்பது. மண் ஒருபக்கம் உள்வாங்கியிருக்கும். அதுவரை ஒருவரும் அருகே போகக் கூடாது.

பட்டினம்_யார்டு (செப்டம்பர் 14)

நைட்ரஜன் முழுவதும் வெளியேற்றியாயிற்று. ஒவ்வொரு பாட்டிலிலும் தேதியோடு அட்டை கட்டியிருக்கிறோம். பி.ஓ.பி. பானெட்டை இன்று திறந்தோம். இடப்பக்கக் குழியில் ஒரு வாளிச் சேறு இருந்தது. நாளை கழுவுகிறோம். மரை மூடிகள் 440-இல் 312 முடிந்தன. நான்கு குழாய்களில் பாம்புச் சட்டை கிடந்தது, பாம்பு இல்லை.